ஏழாம் தொகுதியில் எட்டு வாரம்

டன்ரோஸ்,
1962 மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் குளிரைத் தாண்டி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரேய்க்கு மட்டும் முதுகுப் பிடிப்பு. தானியக் கிடங்கில் மூட்டை தூக்குகிற வயது தாண்டிவிட்டது என்று சொன்னால் கேட்கிற புருஷனா எனக்கு வாய்த்திருக்கிறார்?

இத்தனை வருஷமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் இரண்டு வரிக்கு மேல் நாம் எழுதிக்கொண்டது கிடையாது. இவ்வளவு கனத்த உறையைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்திருப்பீர்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. நம் தொகுதிக்குத்தான் ஆகிவிட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலம் இளைத்துப்போனதால் வாஷிங்டன் சபையில் நமக்கு ஓர் இடம் குறைகிறது. எதைக் குறைப்பது என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் ஏழாம் தொகுதியில் கை வைத்துவிட்டார்கள். வடக்குப் பாதி ஐந்தாவதோடு, தெற்குப் பாதி ஆறாவதோடு. வரும் ஜனவரி மூன்றாம் தேதியோடு ஏழாம் தொகுதி என்று ஒன்று கிடையாது. சும்மா அனுப்பக் கூடாது என்று, 1873 முதல் இங்கிருந்து போன பிரதிநிதிகள் பெயரையெல்லாம் எழுதி நீதிமன்றக் கூடத்தில் ஒரு ஓக் பலகை மாட்டப்போகிறார்கள். பட்டியல் போடும் வேலை மாவட்ட எழுத்தர் அலுவலகத்துக்கு வந்தது. அங்கே இருக்கிற நாலு பேரில் மூன்று பேருக்கு வேறு வேலை இருந்ததால் என்னிடம் வந்தது.

வேடிக்கையான கூட்டம். லுட்விக் எக்கர் என்று ஒருவர், சர்க்கார் செலவில் வீட்டுக்கு வீடு விதைப் பொட்டலம் அனுப்பியே ஆறு தேர்தல் ஜெயித்திருக்கிறார். முட்டைக்கோஸ் என்று எழுதியிருந்த பொட்டலத்தில் முள்ளங்கி முளைத்த வருஷம் தோற்றார். சைலஸ் பேக் பதினான்கு வருஷத்தில் சபையில் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாராம், ஜன்னலை மூடச் சொல்லி. எல்லோருக்கும் முதல் ஆளான கேப்டன் த்ரேல் ஜெயித்து வாஷிங்டன் போனவர்தான், அப்புறம் ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதை எழுதிய பிறகுதான் யாருக்கு எழுதுகிறேன் என்று உறைத்தது. அடித்தால் அசிங்கமாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

ஒன்பதாவது பெயர் அப்பா. பதினொன்றாவது, இன்று வரை பதவியில் இருக்கிற வெண்டல் ப்ரூயிட். நடுவில் நீங்கள். பழைய பட்டியல்களில் அந்த எட்டு வாரத்துக்கு எதிரே ‘காலி’ என்று இருக்கிறது. அப்பாவின் விவரங்களையும் உங்களுடையதையும் எழுதி அனுப்புங்கள்.

அக்டோபர் இருபது, சனிக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விருந்து வைத்துப் பலகையைத் திறக்கிறார்கள். பழைய பிரதிநிதிகளுக்கும் குடும்பங்களுக்கும் அழைப்பு உண்டு. வசதிப்பட்டால் வாருங்கள். இருபத்து நாலு வருஷமாகிவிட்டது. ஊர் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கலாம். மாறவில்லை, ஆனாலும் பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மகள் ஆர்டிஸ்


வாஷிங்டன்,
மார்ச் 30

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

உன் கடிதத்தை அஞ்சல்பெட்டியிலிருந்து எடுத்து மாடியேறுவதற்குள் மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். முழங்காலைத் தவிர நான் சௌக்கியம். ரேயை உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல். நீ இன்னும் இடது கையால்தான் எழுதுகிறாயா? எழுத்து அதே சாய்வு.

அப்பா இறந்த தேதியை 1938 ஜூலை 19 என்று போடு. சபைப் புத்தகத்தில் 20 என்று இருக்கும். அது தந்தி போய்ச் சேர்ந்த நாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான், எனக்குத் தெரியும்.

விவரம் வேறென்ன சொல்ல? உன் அப்பா மேடைப் பேச்சை முதலில் நம் பசுக்களிடம்தான் பேசிப் பார்ப்பார். எந்த இடத்தில் பசு தலையைத் திருப்புகிறதோ அந்தப் பத்தியை அடித்துவிடுவார். நாலு தேர்தல் ஜெயித்தார் என்றால் பாதிப் பெருமை பசுக்களுக்குப் போக வேண்டும். இதைப் பலகையில் போட மாட்டார்கள், நீயாவது வைத்துக்கொள்.

என் பெயர் வேண்டாம். சபையில் நின்று கையைத் தூக்கிச் சத்தியம் செய்தவர்தான் பிரதிநிதி. நான் செய்யவில்லை, அது ஊருக்கே தெரியும். ‘காலி’ என்று இருப்பது சரிதான்.

கேப்டன் த்ரேலுக்கு இங்கே சொந்த வீடு இருந்தது. எனக்கு ஓர் அறையும், இன்னொருத்தியோடு பங்கு போட்ட சமையலறையும்தான். அதனால் எங்களை ஒரே வரிசையில் நிறுத்தாதே.

நல்லபடியாக இரு.
அம்மா


டன்ரோஸ்,
ஏப்ரல் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உப்பு ஒத்தடம் கேட்டது. ரேய் உங்களுக்கு நன்றி சொன்னார். இங்கே மண் இளகத் தொடங்கிவிட்டது. உங்கள் முழங்காலுக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா?

வெள்ளிக்கிழமை ப்ரூயிட் அலுவலகத்துக்கு வந்தார். பலகைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். இருபத்து நாலு வருஷம் பதவியில் இருந்தவருக்கு ஜனவரியிலிருந்து உட்கார நாற்காலி கிடையாது. அதனால் யார் மேசையைப் பார்த்தாலும் அதன் முனையில் உட்கார்ந்துகொள்கிறார். என் பட்டியலைக் கையில் எடுத்தார்.

“ஆர்டிஸ், உங்கம்மா பேரு இதுல என்ன பண்ணுது?”

“எல்லார் பேரும் பண்றதத்தான் பண்ணுது.”

“பதவி ஏத்துக்காதவங்கள எப்படிம்மா போடறது? நாளைக்கு யாராவது கேப்பாங்கல்ல?”

“யாரு கேப்பாங்க? தொகுதியே இருக்காது. கேக்கறதுக்கு ஆள் எங்கிருந்து வரும்?”

“உன் நாக்கு அப்படியே உங்கப்பா நீல்ஸோட நாக்கு,” என்று சிரித்தபடி மேசையை விட்டு இறங்கிப் போய்விட்டார். பட்டியலை மட்டும் என்னிடம் திருப்பித் தரவில்லை.

நான் நகல் வைத்திருக்கிறேன். மாநிலச் செயலாளர் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு ஒரு தேர்தல் சான்றிதழ் வந்திருக்குமே. இருந்தால் அனுப்புங்கள். மக்கள் ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள், நீங்கள் ஜெயித்தீர்கள். சபை கூடாததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

பதில் எழுதுங்கள்.
ஆர்டிஸ்


வாஷிங்டன்,
ஜூன் 17

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

உனக்கும் ரேய்க்கும் ஒரு குறையும் இருக்காது என்று நினைக்கிறேன். பதிலுக்கு இரண்டு மாதம் காக்க வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். சான்றிதழ் இதோடு இருக்கிறது. மடிப்பில் கிழியாமல் பிரி.

சான்றிதழை மட்டும் அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. நடந்ததை நீ என் வாயால் கேட்டதில்லை.

கணவன் பதவியில் செத்தால் மிச்ச நாளுக்கு விதவையை நிறுத்துவது அவர்கள் வழக்கம். அனுதாபத்துக்கு அனுதாபமும் ஆச்சு, ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்வதும் மிச்சம். அப்பாவைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கட்சிக்காரர்கள் நாலு பேர் நம் சமையலறையில் காபி குடித்துக்கொண்டு, “சும்மா பேருக்குத்தாம்மா. எட்டு வாரம். அப்புறம் வெண்டல் பாத்துக்குவான்,” என்றார்கள். ஒரே ஓட்டுச்சீட்டில் மேலே என் பெயர், மிச்சக் காலத்துக்கு. கீழே ப்ரூயிட் பெயர், முழுக் காலத்துக்கு. அவர்களுக்கு அது பேருக்கு. எனக்கு அப்பா விட்டுப்போன வேலை. அவர் வைத்திருந்த மனுக்களையெல்லாம் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

சபை வாசலில் ஒரு காவலர், வயதானவர்.

“யாரும்மா வேணும்?”

“நான் ஏழாம் தொகுதிப் பிரதிநிதி. சத்தியப் பிரமாணம் எடுக்க வந்திருக்கேன்.”

“யாருகிட்ட எடுப்பீங்க, எங்கிட்டயா? சபை ஜூன் மாசமே கலஞ்சு போயிடுச்சே. இனிமே ஜனவரி மூணுதான்.”

“ஜனவரி மூணோட என் பதவி முடியுதே.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து யாராவது சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர், “வேணும்னா உள்ள போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க. யாரும் கேக்க மாட்டாங்க,” என்றார். போய் உட்கார்ந்தேன். நாற்காலிகளுக்கெல்லாம் துணி மூடியிருந்தது. பத்து நிமிஷம் இருந்திருப்பேன்.

அன்று சாயங்காலம்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். சபாநாயகர் என் பெயரைச் சொல்லி அழைத்தார், எல்லோரும் எழுந்து நின்றார்கள், கையைத் தூக்கினேன், குரல் நடுங்கவில்லை என்றெல்லாம். ஏன் எழுதினேன் என்று நீ கேட்டதில்லை, கேட்காமலே சொல்கிறேன். ரயில் நிலையத்தில் ஊரே கூடி பேண்டு வாசித்துக்கொண்டிருந்தபோது, நீ ஜன்னலில் முகத்தை வைத்து, “சத்தியம் பண்றப்ப என்னைய நெனச்சுக்கோம்மா,” என்றாய். நினைத்துக்கொண்டேன் என்று உனக்கு எழுத ஆசைப்பட்டேன். அந்த ஒரு வரிக்காக மற்ற வரிகளையெல்லாம் இட்டுக்கட்டினேன்.

குழு என்ன சொன்னாலும் நீ சண்டை போடாதே.

அம்மா


டன்ரோஸ்,
ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ரேய் கேட்கச் சொன்னார், இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நானும் சொல்கிறேன். உங்கள் அந்தக் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று அதை வாசித்தேன். பதினாறு வயசு. ‘குரல் நடுங்கவில்லை’ என்ற இடத்தில் என் குரல் நடுங்கியது, பெண்களெல்லாம் கைக்குட்டையை எடுத்தார்கள். செல்மா அத்தை தன் அண்ணன் உயிரோடு வந்த மாதிரி அழுதாள். பத்திரிகைக்காரர் வாங்கிப்போய் முதல் பக்கத்தில் போட்டார்.

ஜனவரியில் ப்ரூயிட் அங்கிருந்து எழுதிய முதல் கடிதமும் அதே பத்திரிகையில் வந்தது. நீல்ஸ் பிராண்ட்வோல் இறந்த பிறகு இந்தத் தொகுதிக்காகச் சத்தியம் எடுக்கும் முதல் ஆள் தான்தான் என்று. அவர் வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டார், எழுதத் தெரியாமல் எழுதியிருப்பார். ஊர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பள்ளிக்கூட நடையில் நான் போனால் பையன்கள் வரிசையாக நின்று வலது கையைத் தூக்குவார்கள். “ஆர்டிஸ், சத்தியமா? சத்தியமா ஆர்டிஸ்?” என்பார்கள். அந்தப் பையன்களில் ஒருவர் இப்போது எங்கள் வங்கி மேலாளர். என்னைப் பார்த்தால் இன்றைக்கும் கையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்.

செல்மா அத்தை வசந்தம் வரும் வரை ஜன்னல் திரையைத் திறக்கவில்லை. நீங்கள் போகும்போது என்னை விட்டுப்போன அந்த வீட்டில் இருந்துகொண்டு நான் என்னென்ன செய்தேன் என்பதை எழுதினால் இந்தத் தாள் போதாது.

சான்றிதழைக் குழுவிடம் காட்டினேன். அரக்கு முத்திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆகஸ்டில் முடிவு சொல்கிறார்களாம். பெயர் வந்தால் நீங்கள் விருந்துக்கு வர வேண்டும் என்று குழு எதிர்பார்க்கும்.

ஆர்டிஸ்


வாஷிங்டன்,
ஜூலை 20
(அஞ்சலட்டை)

அன்புள்ள ஆர்டிஸ்,

இங்கே வெயில் தாங்கவில்லை, நான் தாங்குகிறேன். நாற்காலி மேல் நின்று வாசித்தாய் என்பது எனக்குத் தெரியாது. அந்த ஜனவரியில் நீயும் எனக்கு ஒரு கடிதம் எழுதினாய். அதைப் பற்றி நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அட்டையில் இடமில்லை. உங்கள் இருவருக்கும் என் அன்பு.

அம்மா


டன்ரோஸ்,
ஆகஸ்ட் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே யாருக்கும் குறையில்லை. உங்கள் ஊர் வெயில் தணிந்திருக்கும். உங்கள் அட்டை வந்து ஐந்து வாரமாகியும் எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம், செய்தி இல்லாமல் எழுத வேண்டாம் என்று இருந்தேன். இப்போது செய்தி இருக்கிறது.

குழுவில் ஐந்து பேர். இரண்டு பேர் போடலாம் என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். ப்ரூயிட் ரொம்ப நேரம் சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னார்:

“எனக்கு அன்னைக்கே தெரியும், ஆர்டிஸ். சபை கலஞ்சது பேப்பர்ல வந்துச்சு, நான் வக்கீல், படிச்சேன். ஸ்டேஷன்ல உங்கம்மா பக்கத்துலதான் நின்னேன். சொல்லியிருக்கலாம்.”

“ஏன் சொல்லல?”

“பேண்டு வாசிச்சுக்கிட்டிருந்தாங்கம்மா. எப்படிச் சொல்றது?”

அப்புறம் அவர் கையைத் தூக்கி ‘போடலாம்’ பக்கம் ஓட்டுப் போட்டார். பதவியில் இருந்த இருபத்து நாலு வருஷத்தில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று ரேய் சொல்கிறார். ரேய் எதிர்க்கட்சி, அப்படித்தான் சொல்வார்.

பலகையில் பத்தாவது வரி: தேயா பிராண்ட்வோல், 1938 நவம்பர் 8 முதல் 1939 ஜனவரி 3 வரை. ‘காலி’ போய்விட்டது. தங்க நிற எழுத்து, நான் நின்று பார்த்துக்கொண்டேன். குழு உங்களை மரியாதையோடு அழைக்கிறது. தலைமேசையில் நாற்காலி போடுகிறார்கள். ப்ரூயிட் தனியாக எழுதுவதாகச் சொன்னார். சிகாகோவில் வண்டி மாறினால் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு பத்துக்கு இங்கே இறங்கலாம்.

ஆர்டிஸ்


வாஷிங்டன்,
செப்டம்பர் 10

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

கடிதம் கிடைத்தது. ப்ரூயிட்டின் கடிதமும் வந்தது, மூன்று பக்கம். அந்த மனுஷனை நான் மன்னித்து ரொம்ப நாளாகிறது என்று சொல்லிவிடு. பாவம், நாற்காலி போகப்போகிற நேரத்தில் இதையும் சுமக்க வேண்டாம்.

வருகிறேன்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு எழுந்து போய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டேன். பதினெட்டு வருஷமாக விடுப்பே கேட்காதவள் கேட்டதும் மேலாளர், “யாராவது செத்துப்போயிட்டாங்களா?” என்றார். “ஒரு தொகுதி,” என்றேன்.

உனக்கு நான் என்ன வாங்கி வரட்டும்? உன் கை அளவு, கால் அளவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கடையில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். உன்னை நினைத்தால் ரயில் ஜன்னலில் வைத்த முகம்தான் வருகிறது. அதற்கு அளவு சரியாக இருந்தால் உனக்கு இருக்காது. எழுதி அனுப்பு.

சனிக்கிழமை, இரண்டு பத்து.

அம்மா


டன்ரோஸ்,
அக்டோபர் 22

அம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருந்தால் சரி. உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் யாரையாவது விட்டுத் தெரிவித்திருப்பார்கள் என்று ரேய் சொல்கிறார். தந்தி ஒன்றும் வரவில்லை. அப்படியானால் வேண்டுமென்றுதான் வரவில்லை.

ஒன்றரை மணியிலிருந்து நடைமேடையில் நின்றேன். வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. உரம் விற்கிறவர் ஒருவர் இறங்கினார். அப்புறம் இரண்டு பெட்டி. வண்டி போன பிறகும் அந்தப் பக்கம் இறங்கியிருப்பீர்களோ என்று தண்டவாளத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். நாற்பது வயசு மனுஷி.

விருந்து நடந்தது. மாட்டிறைச்சிக் கோளா, உருளைக்கிழங்கு, காபி எல்லாம் வழக்கம் போல. ப்ரூயிட் பெயர்களை வாசித்தார். பத்தாவது பெயர் வந்தபோது எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். இருநூறு பேர் எழுந்து காலி நாற்காலிக்குக் கை தட்டினார்கள். வங்கி மேலாளர் ரொம்ப நேரம் தட்டினார். நான் எழுந்திருக்கவில்லை.

இவ்வளவு தூரம் சண்டை போட்டு வாங்கிய பெயர். ஒரு நாள் வந்து பார்க்க உங்களுக்கு முடியவில்லை.

ஆர்டிஸ்


வாஷிங்டன்,
அக்டோபர் 29

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

உயிரோடு இருக்கிறேன். போன வாரம் இங்கே யாராவது இதை எழுதியிருந்தாலே பெரிய செய்தியாக இருந்திருக்கும். போர் மூண்டால் குண்டு முதலில் விழுவது நம் தலையில்தான் என்று எங்கள் கட்டடத்தில் ஆளாளுக்கு டப்பா உணவு வாங்கி அடுக்கினார்கள். நேற்றுதான் பக்கத்துத் தீவிலிருந்து ஏவுகணைகளை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். நான் டப்பா எதுவும் வாங்கவில்லை. உனக்கு எப்படி எழுதுவது என்று உட்கார்ந்திருந்தேன்.

நான் வந்தேன், ஆர்டிஸ். சிகாகோ வரை வந்தேன்.

வண்டி மாறுவதற்கு நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, இந்த வருஷம் நீ எழுதிய கடிதங்களை முதலிலிருந்து படித்தேன். அவற்றோடு பழையது ஒன்றும் இருந்தது. 1939 ஜனவரி 14. மூன்று வரி. ‘அம்மா, இங்கே வராதே. வந்தால் நான் வீட்டில் இருக்க மாட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.’ உன் சாய்ந்த எழுத்து. நான் பொய் சொன்னேன், நீ உண்மை சொன்னாய், அதனால் நீ சொன்னபடி இருந்தேன். அந்த ஜனவரிக்கே ஊருக்கு வரப் பெட்டி கட்டி வைத்திருந்தேன். அதைப் பிரித்து வைத்துவிட்டு வேலை தேடப் போனேன்.

புதிய கடிதங்களில் குழு என்னை அழைத்திருந்தது. ப்ரூயிட் அழைத்திருந்தார். ரேய் என் முழங்காலை விசாரித்திருந்தார். உனக்கு நான் வர வேண்டும் என்று எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவையும் தேடினேன். கை அளவு கேட்டதற்கும் பதில் வரவில்லை. பலகையில் பெயர் எழுதிவிட்டார்கள், அது சந்தோஷம்தான். ஆனால் பெயரைப் பார்க்க அவ்வளவு தூரம் யார் வருவார்கள்? வண்டிக்கு அழைத்தார்கள். எழுந்திருக்க முடியவில்லை.

உன்னை நடைமேடையில் நிற்க வைத்ததற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் கிடையாது.

அம்மா


டன்ரோஸ்,
நவம்பர் 3

அம்மா,

நான் நலமாக இல்லை. நீயும் இருக்க மாட்டாய். அதனால் அதைக் கேட்கப் போவதில்லை.

அந்த மூன்று வரிக் கடிதத்தை அஞ்சலில் போட்ட மறுநாளே தலைமைத் தபால்காரரிடம் ஓடினேன். மூட்டை காலை வண்டியில் போய்விட்டது என்றார். சரி, அம்மாவாவது பேச்சைக் கேட்பதாவது, ரெண்டு அறை வைக்கவாவது வருவாள் என்று இருந்தேன். பிப்ரவரி முழுக்க வண்டிச் சத்தம் கேட்டால் மாடி ஜன்னலுக்குப் போவேன். உன் பேச்சை ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா நான்? நீ ஏன் என் பேச்சைக் கேட்டாய்?

பொய் சொன்னாய் என்று எனக்குக் கோபம் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வராததுதான் கோபம். வராதே என்று சொன்னதும் நான்தான் என்பதால் இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, ரேயிடம்கூட. இந்த வருஷம் ஐந்து கடிதம் எழுதியும் உன்னிடம் சொல்ல முடியவில்லை. பலகை, குழு, நாற்காலி என்று ஊரையே கூட்டி வைத்து அழைத்தேன், நான் மட்டும் அழைக்கவில்லை.

போன வாரம் குண்டு விழும் என்று சொன்ன ஒவ்வொரு நாளும் அலுவலகத்தில் சுவரில் இருக்கும் வரைபடத்தில் வாஷிங்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேய், “ஒரு போன் பண்ணிப் பேசேன்டி,” என்றார். உன் கட்டடத்து போன் எண் என்னிடம் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டு வாங்கவே இல்லை. சமையலறையில் நின்று அழுதேன். ரேய் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

நீ விருந்துக்கு வர வேண்டாம். அது முடிந்துவிட்டது. பலகை எங்கேயும் போகாது. செவ்வாய்க்கிழமை தேர்தல், ஓட்டு எண்ணி முடிக்கும் வரை என்னை அலுவலகத்தில் விட மாட்டார்கள். புதன்கிழமை காலை வண்டி ஏறுகிறேன். இங்கிருந்து அங்கே போகும் வண்டியும் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் ஒரு நாளும் ஏறவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு வருகிறேன். உன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நீதான் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும். வயசாக ஆக அப்பா ஜாடை வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

உன் ஆர்டிஸ்